பெரிய சைஸ் பேனர், போர்டுக்கு ஃபைல் தயார் செய்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளெக்ஸ் பேனர், வினைல் ஸ்டிக்கர், கடை போர்டு, மேடைப் பின்னணி என்று ஏ3 தாளைத் தாண்டிய எதையும் அச்சுக்குக் கொண்டுவருபவர்கள் கவுன்டரில் நின்று கேட்கும் கேள்விகள் இவை. புதிதாக டிசைன் வேலைக்கு வந்தவர்களும், வீட்டு விசேஷத்துக்குத் தாங்களே கம்ப்யூட்டரில் பேனர் செய்து பார்ப்பவர்களும்தான் அதிகம் கேட்கிறார்கள்.

பத்துக்கு எட்டு அடி பேனர். ஃபைலை 300 டிபிஐ-யில்தானே செய்ய வேண்டும்?

வேண்டாம். டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்குள் எத்தனை புள்ளி என்ற எண், ஃபைலில் அந்தப் புள்ளிதான் பிக்சல். கணக்கைப் பாருங்கள். பத்து அடி என்பது 120 அங்குலம், எட்டு அடி 96 அங்குலம். 300 வைத்தால் 36,000க்கு 28,800 பிக்சல், அதாவது நூறு கோடிக்கும் மேல். சிஎம்ஒய்கே-யில், அதாவது சயான், மெஜென்டா, மஞ்சள், கறுப்பு (கே) என்ற நான்கு மை நிறங்களில், ஒரு பிக்சலுக்கு 4 பைட். சுருக்காமல் வைத்தால் ஃபைல் 4 ஜிபியைத் தாண்டும். போட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி ஃபைல் அகலத்திலும் உயரத்திலும் 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது, அளவும் 2 ஜிபிக்குள் இருக்க வேண்டும். சேவ் பண்ணவே முடியாது.

அதே பேனரை 72-இல் செய்தால் 8,640க்கு 6,912 பிக்சல். சுமார் 240 எம்பி. சாதாரண கம்ப்யூட்டரே தாங்கும். கட்டிய பிறகு கீழே நின்று பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

300 என்பது கையில் பிடித்துப் படிக்கும் புத்தகத்துக்கும் அழைப்பிதழுக்குமான எண். ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு, அதுதான் நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியக்கூடிய நுணுக்கத்தின் எல்லை. இதிலிருந்து ஓர் எளிய கணக்கு வரும்: 3438-ஐப் பார்க்கும் தூரத்தால் வகுங்கள், தூரம் அங்குலத்தில் இருக்கட்டும். ஓர் அடி தூரத்துக்கு 286 வரும். கிட்டத்தட்ட அந்த 300தான். மூன்று அடிக்கு 95, பத்து அடிக்கு வெறும் 29.

ஆகவே டிபிஐ எவ்வளவு என்று கேட்கும் முன், பேனரை எங்கே வைக்கப்போகிறார்கள், யார் எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்று கேளுங்கள். மண்டப வாசலில் ஆள் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கும் ஸ்டாண்டிக்கு, அதாவது தரையில் நிற்க வைக்கும் பேனருக்கு, 100 முதல் 150. கடை போர்டுக்கு 72 போதும். சாலையோரம் உயரத்தில் நிற்கும் ஹோர்டிங்குக்கு 30, 40 தாராளம்.

ஆனால் மெஷினையே 720, 1440 டிபிஐ என்றுதானே சொல்கிறார்கள்?

அது மை தெளிக்கும் புள்ளியின் கணக்கு. உங்கள் ஃபைலில் உள்ள ஒரு பிக்சலின் நிறத்தைக் கொண்டுவர மெஷின் நான்கு மையிலும் பல துளிகளைத் தெளிக்க வேண்டும். மெஷின் எண்ணை ஃபைலில் போட்டுப் பயனில்லை.

அடியை அங்குலமாக எடுத்து, 10க்கு 8 அங்குலத்தில் டிசைன் செய்யலாமா?

செய்யலாம். நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கணக்கும் எளிது, கம்ப்யூட்டரும் திணறாது. ஆனால் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 10க்கு 8 அங்குலம், 300 டிபிஐ என்று வைத்துவிட்டு, ‘முன்னூறு இருக்கே, நல்லா வரும்’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அச்சில் அது பன்னிரண்டு மடங்கு பெரிதாகும். 300 வகுத்தல் 12, அதாவது 25. தூரத்துப் பேனருக்கு அது எப்படியோ ஓடிவிடும். ஸ்டாண்டிக்கு ஓடாது. இந்த முறையில் 72 கிடைக்க வேண்டுமானால் ஃபைலில் 864 என்று இருக்க வேண்டும்.

பத்தில் ஒரு பங்கு அளவில் செய்பவர்களும் உண்டு. அவர்கள் 720 வைக்கலாம். எந்த விகிதமாக இருந்தாலும் ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள். நிழல், அவுட்லைன் தடிமன் எல்லாம் பெரிதாக்கும்போது கூடவே பெரிதாகிறதா என்றும் பாருங்கள். கோரல்ட்ராவில் ‘ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்’ டிக் இல்லாவிட்டால் பெரிதாக்கிய பின் அவுட்லைன் நூல் மாதிரி நிற்கும்.

எந்த சாஃப்ட்வேரில் செய்வது நல்லது?

எழுத்தும் லோகோவும் கோரல்ட்ரா அல்லது இல்லஸ்ட்ரேட்டரில், போட்டோ வேலை போட்டோஷாப்பில். முழுப் பேனரையும் போட்டோஷாப்பில் முடிப்பதுதான் ஃப்ளெக்ஸ் டிசைனர்களின் பழக்கம் என்றாலும், எழுத்து வெக்டாராக, அதாவது பிக்சலாக இல்லாமல் கோட்டு வடிவமாக இருந்தால் எத்தனை அடிக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் கூர்மையாக நிற்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. கோரல்ட்ராவில் பக்கம் 1,800 அங்குலம் வரை போகும், அது 150 அடி. இல்லஸ்ட்ரேட்டரின் பழைய ஆர்ட்போர்டு 227 அங்குலத்தில், கிட்டத்தட்ட 19 அடியில் நின்றுவிடும். 2020-இல் வந்த பதிப்பிலிருந்து பெரிய கேன்வாஸ் உண்டு. இன்டிசைனில் 216 அங்குலம், சரியாக 18 அடி. சாதாரண பிடிஎஃப் பக்கத்துக்கு 200 அங்குலம்தான், 16 அடி 8 அங்குலம். 20 அடி பேனரைப் பிடிஎஃப் ஆக்கும்போது திடீரென்று ஓரம் வெட்டுப்பட்டு வந்தால் காரணம் இதுதான். அதற்கு மேல் போகும் வேலையை விகிதத்தில் சுருக்கிக் கொடுங்கள். போட்டோஷாப்பில் 30,000 பிக்சலைத் தாண்டினால் பிஎஸ்பி என்ற ஃபைல் வகை இருக்கிறது, அது 3,00,000 பிக்சல் வரை ஏற்கும். ஆனால் அச்சகத்தின் ரிப், அதாவது ஃபைலை மெஷினுக்குப் புரியவைக்கும் சாஃப்ட்வேர், அதைத் திறக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பவர்பாயின்டிலும் வேர்டிலும் செய்து கொண்டுவருகிறார்கள். பவர்பாயின்ட் ஸ்லைடு 56 அங்குலம் வரை போகும், வேர்டு 22 அங்குலத்தோடு சரி. அவசரத்துக்குப் பவர்பாயின்டில் சரியான விகிதத்தில் செய்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தால் சமாளிக்கலாம். வேர்டு வேண்டாம்.

போட்டோ வாட்ஸாப்பில் வந்தது. பேனருக்குப் போதுமா?

சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸாப் படத்தைச் சுருக்கிவிடும். நீளமான பக்கம் சுமார் 1,600 பிக்சலுக்கு வந்துவிடும். அதை மூன்றடி உயரத்துக்கு இழுத்தால் 44. தூரத்தில் கட்டும் பேனருக்கு அதுகூடப் பரவாயில்லை. ஆனால் சுருக்கும்போது கன்னத்திலும் தலைமுடி ஓரத்திலும் கட்டம் கட்டமாகக் கறை விழுந்திருக்கும், பெரிதாக்கினால் அதுதான் முதலில் கண்ணில் படும்.

அனுப்புபவரிடம் ‘டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்’ என்று சொல்லுங்கள். அப்போது சுருங்காது. 12 மெகாபிக்சல் போன் படம் 4,000க்கு 3,000 வரும், மூன்றடிக்கு 111. அதுவே அருமை. வாட்ஸாப்பில் வந்த படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு போன் செய்து பேசிவிடுவதுதான் சீக்கிரம் முடியும் வழி.

தாத்தாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மட்டும்தான் இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு வருமா?

வரும். அசல் போட்டோவை வாங்கி ஸ்கேனரில் வையுங்கள், போனில் படம் எடுக்காதீர்கள். போனில் எடுத்தால் விளக்கின் பளபளப்பு நெற்றியில் விழும், மூலைகளும் கோணலாகும். 3.5க்கு 4.5 சென்டிமீட்டர் போட்டோவை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் உயரம் சுமார் 2,100 பிக்சல் கிடைக்கும். மூன்றடி உயரத்தில் வைத்தால் கிட்டத்தட்ட 59. தெருமுனைப் பேனருக்கு இது போதும். அதற்கு மேல் ஏற்றினால் கிடைப்பது காகிதத்தின் சொரசொரப்புதான், புது விவரம் வராது.

ஸ்டூடியோ முத்திரையோ ரப்பர் ஸ்டாம்போ முகத்தில் விழுந்திருந்தால் அதைத் துடைக்க நேரம் ஒதுக்குங்கள். இந்த வேலை எப்போதுமே இரவு பத்து மணிக்கு வந்து காலை ஆறு மணிக்குக் கேட்கும் வேலை. ஆகவே வீட்டில் வேறு படம் இருக்கிறதா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. கல்யாண ஆல்பத்தில் பெரும்பாலும் இருக்கும்.

ஏஐ வைத்துப் படத்தைப் பெரிதாக்கலாமே?

கட்டடம், கோயில் கோபுரம், பழக்கூடை இதற்கெல்லாம் தாராளமாக. முகத்துக்குப் பார்த்துச் செய்யுங்கள். அது இல்லாத விவரத்தை ஊகித்து வரைகிறது. கண் ஓரச் சுருக்கத்தை வழித்துவிடும், பல்வரிசையைச் சீராக்கிவிடும், மூக்குத்தியைத் தின்றுவிடும். நமக்கு அழகாகத் தெரியும், வீட்டுக்காரர்கள் ‘இது எங்கப்பா மாதிரி இல்லையே’ என்பார்கள். பெரிதாக்கிய படத்தை அசலின் மேல் லேயராக வைத்து, பாதி ஒளிபுகும்படி இறக்கினால் இரண்டும் கலந்து முகம் திரும்பி வரும்.

என் கம்ப்யூட்டரில் தமிழ் சரியாக இருக்கிறது, அச்சகத்தில் திறந்தால் உடைகிறதே?

தமிழ் வேலையில் அதிகம் அடிவாங்கும் இடம் இது. இரண்டு வேறு நோய்கள், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலாவது, பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். இவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். பாமினி, வானவில், செந்தமிழ் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு வரிசை, ஒன்றை மாற்றி இன்னொன்றைப் போட்டாலும் குழம்பும். பாமினியில் கமாவின் இடத்தில் ‘இ’ உட்கார்ந்திருக்கிறது. முகவரியை வேறு எங்கிருந்தோ ஒட்டி எழுத்துருவை மட்டும் மாற்றினால், கதவு எண்ணுக்கும் தெருப் பெயருக்கும் நடுவே ஓர் ‘இ’ முளைத்திருக்கும். அவசரத்தில் யாருக்கும் கண்ணில் படாது, சட்டத்தில் அடித்து நிறுத்திய பிறகு எல்லோருக்கும் படும்.

இரண்டாவது, யூனிகோடு எழுத்து. இதில் எழுத்து தமிழாகவே இருக்கும், ஆனால் சாஃப்ட்வேருக்கு அதைக் கோக்கத் தெரியாது. ‘கொ’ என்று அடித்தால் ஒற்றைக்கொம்பும் காலும் தப்பான பக்கம் போய் நிற்கும், சில நேரம் புள்ளியிட்ட வட்டமும் கூட வரும். போட்டோஷாப்பில் பிரிஃபரன்ஸஸ் போய், டைப் பகுதியில் ‘வேர்ல்ட் ரெடி’ என்பதைத் தேர்ந்தெடுத்துப் புது ஃபைல் திறங்கள். கொஞ்சம் பழைய பதிப்புகளில் அது ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்று இருக்கும். பழைய கோரல்ட்ராவில் இதற்கு வழியில்லை. பல கடைகள் இன்னும் பாமினியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க இதுதான் காரணம், பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம்.

இரண்டு நோய்க்கும் மருந்து ஒன்றே: கொடுப்பதற்கு முன் எழுத்தைக் கர்வ் ஆக்கிவிடுங்கள், அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றிவிடுங்கள். கோரல்ட்ராவில் கன்ட்ரோலும் கியூவும். இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. கர்வ் ஆன பிறகு பிழை திருத்த முடியாது, ஆகவே எழுத்தாக உள்ள பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பெயர்களைப் பார்த்துச் சரி சொன்ன பிறகு கர்வ் ஆக்குங்கள். தாய்மாமன் பெயரில் ண, ன மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

போர்டு எழுதுபவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு, பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். அது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குச் சரி. தமிழில் ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றுக்குள் வளைவு அதிகம், சிறிதானால் உள்ளே அடைத்துக்கொள்ளும். ஒன்றரை மடங்கு வையுங்கள். நாற்பதடி தூரத்துக்கு நான்கு அங்குலம் வேண்டிய இடத்தில் ஆறு.

கியூஆர் கோடு போட்டால் பார்க்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம் வேண்டும். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை விடுங்கள். கல்யாண பேனரில் அதைப் பூ பார்டருக்குள் சொருகினால் எந்த போனும் படிக்காது.

ஸ்கிரீனில் பார்த்த பச்சையும் நீலமும் அச்சில் மங்குகின்றனவே?

ஸ்கிரீன் ஒளியால் நிறம் காட்டுகிறது, மெஷின் மையால். கிளிப்பச்சை, மின்னும் நீலம், நியான் ரோஸ் இவை நான்கு மைக்குள் அடங்காது. கடைசி நிமிடத்தில் மாற்றி அதிர்ச்சியடையாமல், ஆரம்பத்திலேயே சிஎம்ஒய்கே-யில் தொடங்குங்கள். மஞ்சளுக்கு மஞ்சள் 100-உடன் மெஜென்டா 10, 15 சேர்த்தால் நம் ஊர் மங்கலமான மஞ்சள் வரும். சிவப்புக்கு மெஜென்டா 100, மஞ்சள் 100. கட்சிக் கொடி, கம்பெனி லோகோ போன்ற நிறம் முக்கியமான வேலையென்றால் அரை அடித் துண்டு ஒன்று அதே மெஷினில், அதே ஃப்ளெக்ஸில் எடுத்துப் பாருங்கள். வேறு கடையில் எடுத்த சாம்பிளை நம்பாதீர்கள். தங்க நிறம் ஃப்ளெக்ஸில் கிடையாது, மஞ்சளும் பழுப்பும் கலந்த கிரேடியன்ட்தான்.

கறுப்பு ஏன் சாம்பலாக வருகிறது?

பெரிய பரப்பில் கே மட்டும் 100 வைத்தால் வெளுத்துத் தெரியும். சயான் 50, மெஜென்டா 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று வையுங்கள். நான்கையும் 100 ஆக்காதீர்கள். மை காயாது, சுருட்டி வைத்தால் ஒட்டிக்கொண்டு உரியும். சின்ன எழுத்துக்குக் கறுப்பு மட்டுமே போதும், நான்கு மையும் போட்டால் ஓரத்தில் நிறம் கசியும்.

ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும்?

எப்படிக் கட்டப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மரச்சட்டத்தில் அடிப்பதானால் நான்கு பக்கமும் மூன்று அங்குலம் பின்பக்கம் மடியும். பின்னணி நிறம் அதுவரை நீள வேண்டும், எழுத்து அதற்குள் போகக்கூடாது. கயிறு கட்ட ஐலெட் துளை போடுவதானால் விளிம்பிலிருந்து இரண்டு, மூன்று அங்குலத்துக்குள் ஃபோன் நம்பர் வைக்காதீர்கள். துளை சரியாக ஒரு எண்ணின் மேல்தான் விழும்.

பைப் நுழைக்கும் பாக்கெட் என்றால் இன்னும் கவனம். இரண்டு அங்குலப் பைப்பின் சுற்றளவு ஆறே கால் அங்குலம். அதில் பாதி முன்பக்கம் வளையும். மேலே ஐந்து அங்குலம் வரை முக்கியமான எதையும் வைக்காமல், மடிப்புக்கும் ஒட்டுக்கும் தனியாக ஐந்து அங்குலம் சேர்த்துவிடுங்கள்.

30க்கு 20 அடி ஹோர்டிங். நானே துண்டு துண்டாக வெட்டிக் கொடுக்கவா?

வேண்டாம், ஒரே ஃபைலாகக் கொடுங்கள். பெரும்பாலான மெஷின்கள் 10 அடி அகலத்துக்குத்தான் அடிக்கும். மூன்று பாகமாகப் பிரித்து, ஒட்டுக்கு இடம் விட்டு அடிப்பதை ரிப் பார்த்துக்கொள்ளும். உங்கள் வேலை, பத்தாவது அடியிலும் இருபதாவது அடியிலும் கைடு கோடு போட்டு, அங்கே மூக்கோ கண்ணோ சின்ன எழுத்தோ விழாமல் பார்த்துக்கொள்வது. வானம் போன்ற வழவழப்பான கிரேடியன்ட்டில் கொஞ்சம் நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளிகள், சேர்த்தால் பட்டை பட்டையாக விழாது.

பேக்லிட், ஒன்வே விஷன் இரண்டுக்கும் தனி ஃபைல் வேண்டுமா?

பேக்லிட்டில் பின்னாலிருந்து விளக்கு வருவதால் மை அடர்த்தியாக அடிக்க வேண்டும், அதை அச்சகம் செய்யும். நீங்கள் வெளிறிய நிறங்களைத் தவிருங்கள். கண்ணாடியில் ஒட்டும் ஒன்வே விஷன் முழுக்கத் துளை. மெல்லிய கோடும் பொடி எழுத்தும் அதில் காணாமல் போகும்.

கடைசியில் எந்த ஃபைலைக் கொடுப்பது?

போட்டோஷாப் வேலையென்றால் லேயரைச் சேர்த்து டிஃப், எல்இசட்டபிள்யூ சுருக்கத்துடன். உயர்தர ஜேபெக்கும் தப்பில்லை. வெக்டார் வேலைக்குப் பிடிஎஃப். நிழல், ஒளிபுகும் எஃபெக்ட் இருந்தால் பிடிஎஃப் எக்ஸ்-1ஏ வகையில் சேமியுங்கள், நிழலைச் சுற்றி வெள்ளைப் பெட்டி விழும் தொல்லை குறையும். வெள்ளை எழுத்துக்கு ஓவர்பிரின்ட், அதாவது கீழுள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அடிக்கும் அமைப்பு, போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் ஸ்கிரீனில் இருக்கும், அச்சில் இருக்காது.

ஃபைல் பெயரில் அடி அளவு, விகிதம், எத்தனை பிரதி, எந்த மெட்டீரியல் எல்லாம் இருக்கட்டும். பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள், சில ரிப்புகள் தமிழ்ப் பெயரைத் திறக்காது. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘கடைசி ஃபைனல்’ என்று மூன்று ஃபைலைப் பென்டிரைவில் போட்டுக் கொடுக்காதீர்கள்.

அனுமதி எண் போடுவதெல்லாம் டிசைனர் வேலையா?

பொது இடத்தில் வைக்கும் பேனரென்றால், ஆம். அனுமதி எண், அது செல்லும் நாள் போன்ற விவரங்கள் கீழ்ப்பகுதியில் அச்சாக வேண்டும். அந்த வரிக்கு முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் அனுமதியில்லாமல் வைத்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் தண்ணீர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். அனுமதி இல்லாத வேலையை வேண்டாம் என்று சொல்ல அச்சகத்துக்கும் டிசைனருக்கும் உரிமை உண்டு.

கொடுப்பதற்கு முன் நன்றாக வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழு அளவு ஃபைலிலிருந்து முகத்தின் ஒரு பகுதியை, 11க்கு 8 அங்குலம் மட்டும் வெட்டி எடுங்கள். வீட்டு பிரின்டரில் ஏ4 தாளில் 100 சதவீதத்தில் அடியுங்கள். சுவரில் ஒட்டிவிட்டு, பேனரைப் பார்க்கப்போகும் தூரத்துக்குப் போய் நின்று பாருங்கள். கண்ணும் புருவமும் அங்கிருந்து தெளிவாக இருந்தால் ஃபைல் சரி. பக்கத்தில் போய்ப் பார்த்துக் கவலைப்படாதீர்கள்.

அடித்த பிறகு தேதி தப்பு என்று தெரிந்தால்?

மெஷின் ஓட ஆரம்பிக்கவில்லையென்றால் புது ஃபைலைக் கொடுத்து, பழையதை அழிக்கச் சொல்லுங்கள். ஓடிவிட்டால், தப்பான வரியை மட்டும் வினைலில் அடித்து மேலே ஒட்டலாம். ஒரு எண்ணுக்கு மட்டும் துண்டு ஒட்டினால் பின்னணி நிறம் வித்தியாசப்பட்டுத் தனியாகத் தெரியும். அந்த வரி முழுவதற்கும் வேறு நிறத்தில் ஒரு பட்டை போட்டு ஒட்டினால், முதலிலிருந்தே அப்படித்தான் டிசைன் என்று நினைத்துக்கொள்வார்கள்.